பரணிலிருந்து இறங்கிய பிஎஸ்2

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் சென்னை வியாசர்பாடி வீட்டுக்குள் கட்டில் கால் பாதி முங்கும் அளவுக்குத் தண்ணீர். ஃபிரிட்ஜ் போச்சு, அம்மாவின் தையல் மெஷின் மோட்டார் போச்சு. பரணில் பழைய போர்வைக்குள் கிடந்த அண்ணனின் பிளேஸ்டேஷன் 2 (பிஎஸ்2) கேம் பெட்டி மட்டும் நனையவில்லை. அது அங்கே இருப்பதே யாருக்கும் நினைவில் இல்லை. போன பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோதுதான் கைக்குக் கிடைத்தது. அண்ணன் பையனுக்கு எட்டு வயசு. எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, இது வைஃபை மோடமா?" என்றான்.

ஸ்லிம் மாடல், எஸ்சிபிஎச்-77006. அந்தக் காலத்தில் எங்கள் ஏரியாவில் மணிக்கு 20 ரூபாய் வாங்கிக்கொண்டு கேம் ஆட விட்ட கடைகளில் இருந்த பெட்டிகள் பெரும்பாலும் சிப் போட்டவை. காப்பி டிஸ்க் ஓடும். அண்ணன் மட்டும் பிடிவாதமாகச் சிப் போடவில்லை. "பிரிச்சா வாரண்டி போயிடும்டா" என்பார். வாரண்டி எப்போதோ முடிந்துபோனது, ஒரிஜினல் டிஸ்க் மொத்தம் ஐந்துதான். கூடவே ஒரு கறுப்பு மெமரி கார்டு, 8 எம்பி. 2011-இல் குவைத்துக்குக் கிளம்பும் வரை அவர் ஆடிய கிரிக்கெட் எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.

அடாப்டரை மாட்டினேன், சிவப்பு விளக்கு எரிந்தது. (இதற்கு 8.5 வோல்ட். வீட்டில் கிடக்கும் ஏதோ ஒரு அடாப்டரைக் குத்திப் பார்க்கக் கூடாது.) டிவியின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஓட்டைகளில் ஒயரைச் செருகினேன். அந்தப் பழைய நீலத் தூண்கள் திரையில் எழும்பியதும் அம்மாகூட அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். டிஸ்க் போட்டதும் கர் கர் என்று சுற்றி, ரீட் ஆகவில்லை என்றது. லென்ஸை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால் துடைத்த பிறகு, நான்கு முறைக்கு ஒரு முறை படித்தது. லென்ஸ் இன்னும் கொஞ்ச நாள்தான் என்று தெரிந்துவிட்டது. புது லென்ஸ் தேடி அலைவதைவிட, டிஸ்க்கே இல்லாமல் யூஎஸ்பியிலிருந்து ஓட்டினால் என்ன என்று அங்கேதான் தோன்றியது.

இதற்கு இரண்டு சாஃப்ட்வேர் வேண்டும். ஒன்று ஃப்ரீ மெக்பூட். மெமரி கார்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, பெட்டி ஆன் ஆகும்போதே நமக்கு வேண்டிய புரோகிராம்களின் மெனுவைக் காட்டும். இன்னொன்று ஓப்பிஎல், அதாவது ஓப்பன் பிஎஸ்2 லோடர். யூஎஸ்பியிலோ நெட்வொர்க்கிலோ இருக்கும் ஐஎஸ்ஓ ஃபைலை (முழு டிஸ்க்கின் நகல்) டிஸ்க் என்று பெட்டியை நம்ப வைப்பது இதன் வேலை. சிக்கல் என்னவென்றால், கார்டில் மெக்பூட்டை ஏற்ற முதலில் ஏதாவது ஒரு வழியில் பெட்டிக்குள் நம் புரோகிராம் ஓட வேண்டும். சிப்பும் இல்லை, ஏற்கெனவே ஏற்றிய கார்டு வைத்திருக்கும் நண்பனும் இல்லை. சாவி வீட்டுக்குள்ளே, பூட்டு வெளியே என்ற கதை.

வழி கொடுத்தது ஃப்ரீடிவிடிபூட். 2020 ஜூனில் சிடர்ட் என்ற புனைபெயர்க்காரர் வெளியிட்டது. பிஎஸ்2-க்குள் சினிமா டிவிடி பார்க்க ஒரு பிளேயர் இருக்கிறதல்லவா, அதில் உள்ள ஓட்டை வழியாக நுழைகிறது. டிவிடி வீடியோ மாதிரி வேஷம் போட்ட ஒரு டிஸ்க்கை எழுதிப் போட்டால் போதும், பெட்டியைத் திறக்கவே வேண்டாம். ஆனால் 2020-க்குப் பிறகு டிவிடி ரைட்டர் யாரிடம் இருக்கிறது? என் லேப்டாப்பில் இல்லை, ஆபீசில் இல்லை. கடைசியில் வண்ணாரப்பேட்டை எம்.சி.ரோட்டுப் பக்கத்துச் சந்தில், கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு ஸ்டுடியோவில் கிடைத்தது.

"இன்னும் டிவிடி கேக்குற ஆளு இருக்கீங்களா தம்பி?" என்றபடி மேசைக்கு அடியிலிருந்து தூசு படிந்த ஒரு டிஸ்க் டப்பாவை எடுத்தார் கடைக்காரர். நடுக்குச்சியில் இருபது முப்பது காலி டிஸ்க் இன்னும் கோத்திருந்தது.

"டிவிடி மைனஸ் ஆர்தானே அண்ணே? 4 எக்ஸ்ல மெதுவா எழுதுங்க."

"என்ன படம்?"

"படம் இல்ல அண்ணே, இது ஒரு சாவி."

ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் எழுதிக் கொடுத்தார். கையோடு அண்ணனின் ஐந்து டிஸ்க்கையும் அவர் டிரைவிலேயே ஐஎஸ்ஓவாக எடுத்துக்கொண்டேன். நான்கு சுத்தமாக வந்தன. ஐந்தாவதில் நடுவிலிருந்து விளிம்பு வரை ஒரு கீறல். அவர் மெல்லிய துணியால் உள்ளிருந்து வெளியே நேராகத் துடைத்தார், வட்டமாகத் துடைக்கவே இல்லை. மூன்றாம் முறை அதுவும் வந்துவிட்டது. டிவிடிக்காரர்களிடம் இன்னும் அந்தக் கை இருக்கிறது.

வீட்டுக்கு வந்து டிஸ்க்கைப் போட்டால் ஒன்றும் நடக்கவில்லை. அரை மணி நேரம் லென்ஸைத் திட்டினேன். பாவம், தப்பு லென்ஸ்மேல் இல்லை. உள்ளே இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி செத்திருந்ததால், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் மொழி, தேதி, நேரம் என்று பெட்டி கேட்டுக்கொண்டே இருந்தது. பையன் அவசரத்தில் கைக்கு வந்த மொழியை அமுக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தான். ஸ்லிம் பெட்டிகளுக்கான இந்த டிஸ்க் வேலை செய்ய மொழி ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். ஆங்கிலத்தை வைத்துப் போட்டதும் ஏழெட்டு வினாடி கறுப்புத் திரை, அப்புறம் யூலாஞ்ச்எல்ஃப் என்ற ஃபைல் மேனேஜர் வந்து நின்றது. பார்க்க ஒன்றும் அழகாக இருக்காது, வெறும் ஃபைல் பட்டியல். ஆனால் எனக்குக் கை நடுங்கியது, நிஜமாக.

இங்கே நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். எதையும் ஏற்றுவதற்கு முன்னால் அண்ணன் கார்டில் இருந்த சேவ்களைப் பென் டிரைவுக்கு எடுத்தேன். கார்டுக்குள் போய், சேவ் ஃபோல்டரின்மேல் நின்று ஆர்1 அமுக்கினால் ஒரு சின்ன மெனு விழும். அதில் காப்பி. பிறகு பென் டிரைவுக்குள் வந்து, மறுபடி ஆர்1, பிஎஸ்யூ பேஸ்ட். சாதா பேஸ்ட் போட்டால் தேதி மாதிரியான விவரங்கள் தவறிப்போகலாம். பிஎஸ்யூ முறையில் ஃபோல்டர் முழுவதும் ஒரே ஃபைலாகக் கட்டி வரும். பதினான்கு சேவ், ஐந்து நிமிடம்.

மெக்பூட்டை அண்ணன் கார்டில் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் 64 எம்பி என்று எழுதிய புதுக் கார்டை வாங்கி வந்தேன். இன்ஸ்டாலர் பாதி வழியில் தோல்வி என்றது. இன்னொரு முறை, அதே கதை. ஒரிஜினல் கார்டுகளில் மேஜிக்கேட் என்று ஒரு பாதுகாப்பு ஏற்பாடு உண்டு. மெக்பூட் அதன் தோளில் ஏறித்தான் ஓடுகிறது. டூப்ளிகேட் கார்டுகள் சிலவற்றில் அது ஒழுங்காக இருக்கும், என்னுடையதில் இல்லை. கடைக்காரர் திரும்ப வாங்க மாட்டேன் என்றுவிட்டார். சேவ் போட மட்டும் அது ஆகிறது, சரி, இருக்கட்டும். வேறு வழியில்லாமல் அண்ணன் கார்டிலேயே ஏற்றினேன். இன்ஸ்டாலர் மெனுவில் ஃபார்மேட் என்றும் ஒரு வரி இருக்கிறது. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் பையனின் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்குவதுபோல என் கட்டைவிரலை நானே பிடித்துக்கொண்டேன். ஏறிவிட்டது. சேவ்களும் பத்திரம்.

அடுத்தது ஸ்டோரேஜ். பழைய லேப்டாப்பின் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கை உறைக்குள் போட்டு மாட்டினால் டிக், டிக் என்று மட்டும் சத்தம். பிஎஸ்2-இன் யூஎஸ்பி கொடுக்கும் மின்சாரம் அந்தத் தட்டைச் சுழற்றப் போதவில்லை. தனிக் கரண்ட் எடுக்கும் ஹப் வைத்தால் ஓடும். எனக்கு இருப்பதே ஐந்து கேம், ஆகவே 64 ஜிபி பென் டிரைவுக்கு மாறிவிட்டேன். அதை ஃபேட்32 முறையில், எம்பிஆர் பார்ட்டிஷனாக ஃபார்மேட் செய்தேன். 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32-ஆக ஃபார்மேட் செய்ய விண்டோஸ் 10-இன் வழக்கமான சாளரத்தில் வழி இல்லை, அதற்கென்று தனிச் சின்னப் புரோகிராம் இறக்க வேண்டும். உள்ளே ஆங்கிலப் பெரிய எழுத்தில் டிவிடி, சிடி என்று இரண்டு ஃபோல்டர். அடிப்பக்கம் நீலமாக இருக்கும் டிஸ்க்குகள் சிடி. அவை சிடி ஃபோல்டருக்குள் போகும்.

ஃபேட்32-இல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. காட் ஆஃப் வார் 2 இரட்டை அடுக்கு டிஸ்க், 8 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. அதை மட்டும் யூஎஸ்பியூட்டில் என்ற கருவியால் ஒரு ஜிபி துண்டுகளாக நறுக்கினேன். ஃபைல்கள் டிரைவில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தாலும் ஓப்பிஎல் ஏற்காமல் போகலாம். முதலில் ஐந்தையும் ஒரே நேரத்தில் இழுத்துப் போட்டதால் மூன்று கேம் அடம் பிடித்தன. மறுபடி ஃபார்மேட் செய்து, ஒன்று முடிந்த பிறகு அடுத்தது என்று வரிசையாகப் போட்டதும் சரியானது.

கிரிக்கெட் ஓடியது. டாஸ் போட்டு, ஃபீல்டர்கள் இறங்கி, எல்லாம் சுகம். காட் ஆஃப் வார் 2-தான் மானத்தை வாங்கியது. ஆரம்ப வீடியோவில் குரல் முன்னே போக, படம் நொண்டிக்கொண்டு பின்னால் வந்தது. காரணம் யூஎஸ்பி 1.1. கணக்குப்படி வினாடிக்கு 12 மெகாபிட், அதாவது 1.5 எம்பி, கைக்கு வருவது ஒரு எம்பி சொச்சம். அதே பெட்டியின் டிவிடி டிரைவ் 4 எக்ஸ், வினாடிக்கு 5.5 எம்பி. டிஸ்க்கை விடப் பென் டிரைவ் வேகம் என்று நாம் நினைப்பது இங்கே செல்லாது. மழை நாளில் கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி: அந்தப் பக்கம் எத்தனை வண்டி நின்றாலும் இந்தப் பக்கம் வருவது ஒவ்வொன்றாகத்தான். ஓப்பிஎல்லில் மோட் 4 போட்டால் வீடியோக்களைத் தாண்டிவிடும். ஆனால் அந்த கேமில் பாதி அழகே வீடியோதானே.

ஸ்லிம் பெட்டியின் முதுகில் லேன் ஓட்டை இருக்கிறது, 100 மெகாபிட். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு லேன் கேபிள் வாங்கி லேப்டாப்போடு நேராக இணைத்தேன். லேப்டாப்பில் ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்து, பெட்டிக்கு 192.168.0.10, லேப்டாப்புக்கு 192.168.0.2 என்று முகவரி கொடுத்தேன். ஓப்பிஎல் கேட்பது, நெட்வொர்க்கில் ஃபோல்டரைப் பகிர உதவும் எஸ்எம்பி முறையின் பழைய முதல் வடிவம். விண்டோஸ் 10-இல் அது அணைத்தே இருக்கும், நாம்தான் தேடிப்போய்த் தட்டிவிட வேண்டும். அணைத்து வைத்ததற்குக் காரணம் உண்டு; 2017-இல் வானாகிரை வைரஸ் பரவியது அந்தக் கதவு வழியாகத்தான். அதனால் கேம் ஆடும் நேரம் மட்டும் திறப்பேன், அப்போது லேப்டாப்பில் வைஃபை அணைந்திருக்கும். வீடியோ இப்போது நொண்டாமல் ஓடுகிறது. ஒரு கேம் ஆட இரண்டு மெஷினா என்று அண்ணி கேட்டார். கேள்வி நியாயமானதுதான். இப்போதைக்குக் கிரிக்கெட்டும் மற்ற மூன்றும் பென் டிரைவில், காட் ஆஃப் வார் 2 மட்டும் ஒயரில்.

பட்டன் பேட்டரி இன்னும் மாற்றவில்லை. அதற்குப் பெட்டியை முழுக்கப் பிரிக்க வேண்டும். லென்ஸுக்குப் போகும் ரிப்பன் ஒயரை நினைத்தாலே பயம். ஒவ்வொரு முறையும் பையன் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்து, தேதியைத் தாண்டிப் போகிறான். பெட்டியைப் பொறுத்தவரை இன்னும் 2000-ஆம் வருஷம்தான்.

போன வாரம் சாயங்காலம் கரண்ட் போய் வந்த பிறகு அவன் முகம் சரியில்லை. என்னடா என்றேன். மேட்ச் முடிந்ததும் சேவ் கேட்டதாம், ஆமாம் போட்டானாம், ஏற்கெனவே இருக்கிறது, மேலே எழுதவா என்று கேட்டதாம், அதற்கும் ஆமாம் போட்டானாம். அண்ணனின் 2011 கிரிக்கெட்டுக்கு மேலே இவனுடைய மூன்று ஓவர் ஆட்டம்.

பென் டிரைவை மாட்டி, பிஎஸ்யூ ஃபைலைக் காப்பி செய்து, கார்டுக்குள் போய் இவன் சேவை அழித்துவிட்டு, ஆர்1, பிஎஸ்யூ பேஸ்ட். இவனுக்கு அந்த 64 எம்பி டூப்ளிகேட் கார்டை இரண்டாவது ஸ்லாட்டில் போட்டுக் கொடுத்தேன். கிரிக்கெட்டைத் திறந்தால் அண்ணன் விட்ட இடத்தில் அப்படியே நின்றது: 4 விக்கெட் போயிருக்கிறது, ஜெயிக்க இன்னும் 61 ரன். அண்ணனிடம் யாரும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வீடியோ கால் வரும்போது பெட்டியைக் காட்டலாம் என்று இருக்கிறோம்.