இட்லிக்கு ஒரு முகம்

கார்ட்டூன் வரைய ஆசைப்படும் குழந்தைகளுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இட்லியைத்தான். நடுவில் உப்பி, ஓரத்தில் மெலிந்த வடிவம். பென்சிலை அழுத்தாமல் ஒரு நீள்வட்டம் போட்டு, அடிப்பக்கத்தைச் சற்றே தட்டையாக்கினால் உடல் முடிந்தது.

முழு அழகும் முகத்தில்தான் இருக்கிறது. கண்களை நடுக்கோட்டுக்குக் கீழே, நன்றாகத் தள்ளித் தள்ளி வையுங்கள். இரண்டுக்கும் நடுவே, அதே மட்டத்தில், சின்னஞ்சிறு வாய். மூக்கு வேண்டவே வேண்டாம். நெற்றி பெரிதாகவும் கண்கள் தாழ்ந்தும் இருந்தால் கைக்குழந்தையின் முகம் நினைவுக்கு வந்து, கொஞ்சத் தோன்றும். விலங்கியல் அறிஞர் கான்ராட் லோரன்ஸ் 1943-இலேயே இதை விளக்கி எழுதியிருக்கிறார். அதே கண்களை மேலே ஏற்றி, நெருக்கி வரைந்து பாருங்கள்; இட்லிக்கு உடனே வயதாகிவிடும்!

கண்ணைக் கறுப்பாக நிரப்பும்போது மேல் ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியை விட்டுவிடுங்கள். இரு கண்களிலும் அது ஒரே பக்கம் இருக்கட்டும். வெளிச்சம் ஒரு திசையிலிருந்துதானே வருகிறது. கன்னத்தில் இளஞ்சிவப்பு, தலையில் வழியும் தக்காளிச் சட்னி. வெள்ளைத் தாளில் வெள்ளை இட்லி எடுபடாது. பின்னால் வாழையிலைப் பச்சையைத் தீட்டிவிடுங்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் வரைந்ததை எனக்கும் காட்டுங்கள். அடுத்து மெதுவடை!