செட்டிநாட்டு அடுப்பில் பொலெண்டா

பொலெண்டா என்பது மக்காச்சோள ரவையில் கிண்டுகிற இத்தாலியக் களி. அது கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். ரவை உப்புமா கிண்டுகிற நேரத்துக்குள் இறக்கிவிடுகிறார்கள். கோதுமை ரவை 5 நிமிடத்தில் வெந்துவிடும். மக்காச்சோள ரவைக்கு 40 நிமிடம் வேண்டும். 10 நிமிடம் ஆகும்போதே அது கெட்டிப்பட்டு, மஞ்சளாகப் பளபளத்து, வெந்துவிட்டது போலத் தோன்றும். நம்பி இறக்கினால் வாயில் மணல் மணலாக நெருடும், வயிறும் கனக்கும். வெந்தயக்களியும் உளுந்தங்களியும் கிண்டிப் பழகிய வீடுகளுக்கு இந்தப் பொறுமை புதிதில்லை. அதனால்தான் காரைக்குடிப் பக்கத்துச் சமையலறையில் இது எளிதாக உட்கார்ந்துகொள்ளும் என்கிறேன்.

முதலில் எதை வாங்குவது என்று பார்க்கலாம். கடையில் கார்ன் ஃப்ளவர் என்று கேட்டால் சூப்பில் கரைக்கிற வெள்ளை மாவைக் கொடுப்பார்கள். அது வெறும் மாவுச்சத்து, இதற்கு ஆகாது. ரொட்டி தட்டுகிற மஞ்சள் சோளமாவும் வேண்டாம், பசையாகிவிடும். வேண்டியது மக்காச்சோள ரவை. பம்பாய் ரவையை விடச் சற்றுப் பருமனாக, கோதுமைக் குருணையை விடச் சற்றுப் பொடியாக இருப்பது நல்லது. 'பொலெண்டா' என்றே பெயர் போட்டு வருகிற இறக்குமதிப் பாக்கெட்டில் 'இன்ஸ்டன்ட்' என்று இருக்கிறதா பாருங்கள். அது முன்பே வேகவைத்து உலர்த்தியது. 5 நிமிடத்தில் ஆகிவிடும், அவசரத்துக்கு உதவும், ருசி பாதிதான். தீவனத்துக்கு விற்கிற மக்காச்சோளத்தை மலிவு என்று வாங்கித் திரிக்காதீர்கள். ஈரம் பட்டுக் கிடந்த சோளத்தில் பூஞ்சை எளிதில் பிடிக்கும். அந்தப் பூஞ்சை உண்டாக்கும் அஃப்லாடாக்சின் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. முளைக்கரு நீக்காமல் உடைத்த ரவையில் எண்ணெய்ச் சத்து இருப்பதால், நம் ஊர் வெயிலில் வெளியே வைத்தால் சிக்கு வாடை வந்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள். நுனிநாக்கில் கசந்தால் கொட்டிவிட வேண்டியதுதான்.

அளவைச் சொல்கிறேன். 200 மில்லி கப்பால் 1 கப் ரவை, ஏறக்குறைய 135 கிராம். குழம்பு ஊற்றிச் சாப்பிட இளக்கமாக வேண்டுமென்றால் 5 கப் தண்ணீர். ஆறவைத்துத் துண்டு போட 3½ கப். உப்பு 1 டீஸ்பூன், தொடக்கத்திலேயே தண்ணீரில். கடைசியில் போட்டால் கெட்டியான களிக்குள் உப்பு பரவாது. ஒரு வாய் கரிக்கும், அடுத்த வாய் சப்பென்றிருக்கும்.

கொதிக்கிற தண்ணீரில் ரவையைத் தூவுவது இத்தாலிய வழக்கம். கை பழகாதவர்களுக்கு அதில் கட்டி தட்டும். சுடுநீர் பட்டதும் ரவைக் குவியலின் மேல்பக்கம் உடனே பசையாகி மூடிக்கொள்ளும், உள்ளே உலர்ந்த ரவை அப்படியே சிக்கிக்கொள்ளும். அதனால் பச்சைத் தண்ணீரிலேயே ரவையைக் கரைத்து அடுப்பில் ஏற்றுங்கள். மக்காச்சோள மாவுச்சத்து 62 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் பசையாகத் தொடங்கும். அதற்குள் ஒவ்வொரு குருணையும் தனித்தனியாக நனைந்திருக்கும். கொதி வரும்வரை, அதாவது முதல் 8, 10 நிமிடம், கிண்டுவதை நிறுத்தவே கூடாது. ரவை அடியில் படிந்து பிடிப்பது அந்த நேரத்தில்தான்.

கெட்டிப்பட ஆரம்பித்ததும் தீயைச் சிம்மில் வைத்து மூடி போடுங்கள். 5 நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து அடிவரை வழித்துக் கிண்டினால் போதும். 40 நிமிடமும் நின்று கிண்ட வேண்டும் என்பது பயமுறுத்தல். ஆனால் பாத்திரம் உயரமாகவும் கரண்டிக் காம்பு நீளமாகவும் இருக்கட்டும். இந்தக் களி குமிழ் விட்டு வெடித்துத் தெறிக்கும்; கையில் ஒட்டினால் எண்ணெய் தெறித்ததை விடக் காயம் அதிகம், ஏனென்றால் உருண்டு விழாமல் அங்கேயே ஒட்டிக்கொண்டு சுடும். அடி கனமான வெண்கலப் பானை இருந்தால் அதற்கு ஈடில்லை. மெல்லிய எவர்சில்வர் பாத்திரமென்றால் அடியில் ஒரு தோசைக்கல்லை வைத்து அதன்மேல் ஏற்றுங்கள்.

வெந்ததா என்று பார்க்க, கொஞ்சம் எடுத்து ஆறவிட்டு இரண்டு விரலுக்கிடையில் தேயுங்கள். குருணை நசுங்கி வழுக்கினால் வெந்தது. நெருடினால் இன்னும் வேண்டும். கெட்டியாகிவிட்டது ஆனால் நெருடுகிறது என்றால் அரைக் குழிக்கரண்டி வெந்நீர் விட்டுத் தொடருங்கள். பச்சைத் தண்ணீர் விட்டால் கொதி அடங்கித் திரிதிரியாகப் பிரியும். தட்டில் போட்டதும் இறுகும் என்பதால், சாப்பிட வேண்டிய பதத்துக்கு ஒரு படி இளக்கமாகவே இறக்க வேண்டும். 1 டேபிள்ஸ்பூன் நெய் இறக்கும்போது. இத்தாலியில் வெண்ணெயும் பாலாடைக்கட்டித் துருவலும் சேர்ப்பார்கள். செட்டிநாட்டுக் குழம்போடு சேர்க்கப் போகிறீர்கள் என்றால் சீஸ் வேண்டாம். சோம்பும் கல்பாசியும் அதோடு சண்டை போடும்.

நேரத்தைக் குறைக்க ஊறவைப்பதுதான் நல்ல வழி. இரவே தண்ணீரோடு ஊறவைத்தால் காலையில் 20 நிமிடத்தில் ஆகிவிடும். சித்திரை வைகாசியில் வெளியே வைத்தால் புளித்துவிடும், ஃபிரிட்ஜில் வையுங்கள். குக்கரும் சரிதான், ஆனால் நேரே ஊற்றக் கூடாது. அடிபிடிப்பது ஒருபுறம் இருக்க, களி பொங்கி விசில் துளையை அடைத்தால் ஆபத்து. குக்கரில் 2 கப் தண்ணீர் விட்டு, உள்பாத்திரத்தில் ரவையும் அதற்கான தண்ணீரும் பாதிக்கு மேல் வராமல் வையுங்கள். இங்கே நீர் ஆவியாகாததால் 1 கப் ரவைக்கு இளக்கத்துக்கு 4 கப், துண்டுக்கு 3 கப் தண்ணீர். ஒரு விசில் வந்ததும் சிம்மில் 15 நிமிடம், பிறகு ஆவி தானாக அடங்கட்டும். திறந்ததும் மேலே தண்ணீரும் கீழே கட்டியுமாகத்தான் தெரியும். கெட்டுவிட்டது என்று பதறாமல் மத்தால் ஒரு நிமிடம் கடையுங்கள், கூடிவிடும்.

இளக்கமான பொலெண்டாவுக்கு நாட்டுக்கோழிக் குழம்பு, பூண்டுக் குழம்பு, நண்டுக் குழம்பு மூன்றும் பொருந்தும். வடஇத்தாலியிலும் நீண்டநேரம் வெந்த இறைச்சிக் குழம்போடுதான் இதைச் சாப்பிடுகிறார்கள். வெனிஸ் பக்கம் வெள்ளை மக்காச்சோளத்தில் செய்து மீனோடும் இறாலோடும் வைப்பார்கள். சோளத்தில் இயல்பாகவே ஓர் இனிப்பு உண்டு. காரமும் புளிப்பும் அதைத் தூக்கிக்கொடுக்கும். கத்திரிக்காய் கோசமல்லியும் நன்றாக இருக்கும், வழக்கத்தை விடக் கெட்டியாக வைத்தால். சாம்பார் மட்டும் சேரவே சேராது, ஓடிவிடுகிறது.

என்னைக் கேட்டால் இந்த ரவையின் பெருமை மறுநாள்தான் தெரியும். சூடாக இருக்கும்போதே எண்ணெய் தடவிய விளிம்புத் தட்டில் கொட்டி, ஈரக் கரண்டியால் 1½ சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். தாமதித்தால் பானையிலேயே இறுகி, பரப்பும்போது விரிசல் விடும். கைச்சூடு போனதும் மூடாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள். மேல்பக்கம் உலர்ந்தால்தான் வறுக்கும்போது மொறுமொறுப்பு வரும். குறைந்தது 3 மணி நேரம், இரவு முழுக்க என்றால் இன்னும் நல்லது. ஆறும்போது மாவுச்சத்து மறுபடி இறுகுவதால் கத்தியில் ஒட்டாமல் துண்டு விழும்.

இரும்புத் தோசைக்கல்லை நன்றாகக் காயவைத்து 2 டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டுத் துண்டுகளை இடைவெளியோடு அடுக்குங்கள். பிறகு 6 நிமிடம் தொடாதீர்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே தொடாதீர்கள். அடி பொன்னிறமானதும் துண்டு தானே கல்லை விட்டுவிடும். அதற்கு முன் தோசைக்கரண்டியைக் கொடுத்தால் மொறுமொறுத்த தோல் கல்லிலும் மிச்சம் கரண்டியிலும் வரும். உடைந்து போகிறதென்றால் வேகவைத்தபோது தண்ணீர் கூடியிருக்கிறது. எண்ணெய் குடிக்கிறதென்றால் கல் காயவில்லை. எண்ணெயில் முழுக்கப் பொரிக்கிறவர்கள் துண்டை விரல் கனத்துக்கு வெட்டி, துணியால் ஒற்றி, அரிசிமாவில் புரட்டிப் போடுங்கள். ஈரம் இருந்தால் உள்ளே ஆவி அடைபட்டு எண்ணெய்க்குள் வெடிக்கும்.

இந்தத் துண்டுகளுக்கு உப்புக்கறி மசாலாவைப் போல இன்னொன்று அமையாது. 2 டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெயில் ½ டீஸ்பூன் சோம்பு, விதை உதிர்த்துக் கிள்ளிய 8 வரமிளகாய், 2 கொத்துக் கறிவேப்பிலை, உரித்து இரண்டாக நறுக்கிய 20 சின்ன வெங்காயம், தட்டிய 6 பல் பூண்டு. வெங்காயம் ஓரம் சிவக்கும்வரை வதக்கி உப்புப் போட்டு, வறுத்த துண்டுகளைக் கடைசியாகக் கொட்டி ஒரே புரட்டு. தண்ணீர் தெளிக்கக் கூடாது, மொறுமொறுப்பு போய்விடும். மசாலா வாசம் உள்ளேயே வேண்டுமென்றால், வேகவைக்கும்போது கடைசி 5 நிமிடத்தில் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையும் தேங்காய்ப்பல் தாளிப்பும் சேர்த்துப் பரப்பலாம்.

பணியாரத்துக்கு வெந்த பொலெண்டா ஆகாது. கரைத்தாலும் கட்டிகட்டியாக நிற்கும். பச்சை ரவையை மிக்சியில் இரண்டு சுற்றுச் சுற்றி, 1 கப்புக்கு ¾ கப் மோர் விட்டு 2 மணி நேரம் ஊறவைத்து, 1 கப் புளித்த இட்லி மாவைக் கலந்து வழக்கமான தாளிப்போடு ஊற்றுங்கள். மூடிபோட்டு மிதமான தீ. அவசரப்பட்டால் வெளியே கருகி நடுவில் மாவாக இருக்கும்.

ரவையும் வெல்லமும் சேர்த்துச் செய்கிற செட்டிநாட்டு இனிப்பான ரங்கூன் புட்டையும் இந்த ரவையில் செய்யலாம், ஒரு நிபந்தனையோடு. கோதுமை ரவையைப் போல வெல்லப்பாகில் வேகவைக்க முடியாது. இனிப்பு தண்ணீரைத் தன்பக்கம் பிடித்துக்கொள்வதால் சோளக் குருணை வேகாமல் விறைத்து நிற்கும். 1 கப் ரவையை 2 டீஸ்பூன் நெய்யில் வாசம் வர வறுத்து, 3 கப் தண்ணீரில் சிட்டிகை உப்போடு 35 நிமிடம் முழுதாக வேகவைத்த பிறகே வெல்லம். 1¼ கப் தூளை ½ கப் தண்ணீரில் கரைத்து வடிகட்டி ஊற்றி, ¼ கப் நெய்யைப் பிரித்துப் பிரித்து விட்டுச் சுருளக் கிண்டுங்கள். தேங்காய்த் துருவல் ½ கப், ஏலக்காய் 3, வறுத்த முந்திரி. உதிரி உதிரியாக வராது, அல்வாவுக்கும் உக்காரைக்கும் நடுவில் ஒரு பதத்தில் நிற்கும்.

சத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1492-க்குப் பிறகு அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போன பயிர் மக்காச்சோளம். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் வடஇத்தாலியின் ஏழை உழவர்கள் வேளைக்கு வேளை பொலெண்டாவையே தின்று பெலாக்ரா என்ற நோயில் விழுந்தார்கள். மக்காச்சோளத்தில் உள்ள நியாசின் என்ற பி3 வைட்டமின் உடலுக்கு எளிதில் கிடைக்காத வடிவில் இருப்பதுதான் காரணம். மெக்சிகோவில் சுண்ணாம்பு நீரில் வேகவைப்பதால் அது விடுபடும். பருப்பும் கறியும் நிலக்கடலையும் கூட இருக்கிற சாப்பாட்டில் இந்தக் கவலை இல்லை. ஆனால் இதைச் சர்க்கரை நோய்க்கான உணவு என்று விற்பவர்களை நம்பாதீர்கள், இதுவும் மாவுச்சத்துதான்.

மிஞ்சிய துண்டுகள் ஃபிரிட்ஜில் 3 நாள் தாங்கும். இளக்கமாக இருந்தது இறுகிவிட்டால் துருவி, சூடான பாலோ தண்ணீரோ விட்டுச் சிம்மில் மசித்தால் ஓரளவு மீளும், பழைய வழவழப்பு வராது. அடியில் காய்ந்து ஒட்டிய பொருக்கைச் சுரண்டாதீர்கள். பானையில் பச்சைத் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டால் தகடாகக் கழன்று வரும்.