எல்லன் வில்கின்சன்: ஊர்வலத்தோடு நின்றுவிடாத கதை

பிரிட்டிஷ் லேபர் கட்சி எம்.பி. எல்லன் வில்கின்சன் பெயரை எடுத்தாலே எல்லாரும், ஜாரோ ஊரின் வேலையில்லாத ஆண்கள் லண்டனுக்கு நடந்துபோன 1936 ஜாரோ ஊர்வலத்தைச் சொல்லிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதில் பெரிய மனக்குறை உண்டு. ஊர்வலம் பெரிய விஷயம்தான், ஆனால் அரசாங்கத்திடமிருந்து அந்த ஊருக்கு அதனால் உடனடியாக எதுவும் கிடைத்துவிடவில்லை. லட்சக்கணக்கான வீடுகளுக்குள் போய்ச் சேர்ந்தது, அவர் அதற்கப்புறம் விடாப்பிடியாகச் செய்து முடித்த வேறு இரண்டு வேலைகள்தான்.

முதலில் ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். 1891-ல் மான்செஸ்டரில், வசதியில்லாத மெதடிஸ்ட் (புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவு) குடும்பத்தில் பிறந்தவர். படிப்பு முழுக்க ஸ்காலர்ஷிப்பில்தான். அப்படியே மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தார். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்ட இயக்கம், அப்புறம் தொழிற்சங்கம், நடுவில் 1920 முதல் 1924 வரை கம்யூனிஸ்ட் கட்சி. 1924 தேர்தலில் மிடில்ஸ்பரோ கிழக்குத் தொகுதியில் லேபர் கட்சி சார்பில் ஜெயித்து நாடாளுமன்றம் போனபோது அந்தக் கட்சி வரிசையில் இருந்த ஒரே பெண் அவர்தான். உயரம் ஐந்தடிகூடக் கிடையாது. தலைமுடியும் சிவப்பு, அரசியலும் சிவப்பு, அதனால் 'சிவப்பு எல்லன்' என்றே பெயர் வந்துவிட்டது. அப்போது பிரிட்டனில் 30 வயதுக்குக் கீழே இருந்த பெண்களுக்கு ஓட்டே கிடையாது, அது வர 1928 ஆனது.

1931-ல் தோற்றார். தோற்றவர் சும்மா இருக்கவில்லை, அடுத்த வருடமே இந்திய விடுதலைக்காக பிரிட்டனில் இயங்கிய, வி.கே. கிருஷ்ண மேனன் செயலாளராக இருந்த இந்தியா லீக் அமைப்பின் குழுவோடு இந்தியாவுக்கு வந்து, காங்கிரஸ்காரர்கள் ஆயிரக்கணக்கில் சிறையில் கிடந்த அந்த நாட்களில் நாடு முழுக்கச் சுற்றி, அடக்குமுறையை நேரில் விசாரித்துவிட்டுப் போனார். அந்தக் குழுவின் அறிக்கை 1934-ல் வெளிவந்தது. பதவியில் இல்லாதபோது ஒருவர் என்ன செய்கிறார் என்பதை வைத்துத்தான் நான் அரசியல்வாதிகளை எடைபோடுவேன், அந்த வகையில் இந்தப் பயணம் எனக்கு முக்கியம்.

1935-ல் ஜாரோவிலிருந்து மறுபடி எம்.பி. ஆனார். டைன் ஆற்றங்கரை ஊர் அது. பாமர் கப்பல் கட்டும் தளம்தான் ஊருக்கே சோறு போட்டது. கப்பல் கட்டும் கம்பெனிகள் சேர்ந்து தொடங்கிய ஒரு நிறுவனம் அந்தத் தளத்தை வாங்கி இழுத்து மூடியது. அடுத்த 40 வருடத்துக்கு அங்கே கப்பலே கட்டக்கூடாது என்று நிபந்தனை வேறு. ஊரில் பெரும்பாலான ஆண்களுக்கு வேலை போய்விட்டது. உருக்காலை ஒன்று வரும் என்றிருந்த நம்பிக்கையும் பொய்த்துப்போனது. அதைக் கேட்கப் போனவர்களிடம் வர்த்தக அமைச்சர் வால்டர் ரன்சிமன், ஜாரோ தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்கிற மாதிரி பேசி அனுப்பிவிட்டார்.

1936 அக்டோபர் 5 அன்று 200 ஆண்கள் லண்டனுக்கு நடக்கத் தொடங்கினார்கள். கிட்டத்தட்ட 450 கிலோமீட்டர், ஓக் மரப்பெட்டிக்குள் 11,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துகள் கொண்ட மனு. எல்லன் முடிந்த இடங்களில் எல்லாம் கூடவே நடந்தார், நடுவில் எடின்பரோவில் நடந்த சொந்தக் கட்சி மாநாட்டுக்கு ஓடிப்போய் ஆதரவு கேட்டார். அங்கே கிடைத்தது திட்டுதான்: பசித்த ஆட்களை இப்படி ரோட்டில் நடக்க விடலாமா என்று. தொழிற்சங்கத் தலைமையும் உள்ளூர்க் கிளைகளை உதவ வேண்டாம் என்று சொல்லிவிட்டது. செஸ்டர்ஃபீல்டில் அவர்களுக்குச் சோறு போட்டது எதிரணியான கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர்கள்! லண்டனில் மனுவைச் சபையில் கொடுத்தார், கொஞ்ச நேரத்தில் பேச்சு முடிந்தது. ஊருக்குத் திரும்பியவர்களுக்கு, நடந்த நாட்களில் வேலைக்குத் தயாராக இல்லை என்று காரணம் சொல்லி உதவித்தொகையில் பிடித்தம் செய்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

சரி, இப்போது நான் சொல்ல வந்த இரண்டு வேலைகளுக்கு வருகிறேன். முதலாவது, தவணை வியாபாரம். அந்தக் காலத்தில் ஏழை வீடுகளில் கட்டில், மேசை, தையல் மிஷின், ரேடியோ எல்லாம் தவணையில்தான் வரும். கையெழுத்துப் போட்ட காகிதத்தில் ரொக்க விலை என்ன, வட்டியாக எவ்வளவு போகிறது என்று பல நேரம் இருக்காது. கடைசித் தவணை வரைக்கும் பொருள் கடைக்காரனுடையது. அதனால் முக்கால்வாசிப் பணம் கட்டிய வீட்டில், ஒரே ஒரு டியூ தவறினாலும் ஆட்கள் நேராக உள்ளே நுழைந்து பொருளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். கட்டிய பணம் போனது போனதுதான், அதே பொருளை இன்னொருவருக்கு விற்றுக்கொள்ளலாம். இதையே தொழிலாக வைத்திருந்த கம்பெனிகள் இருந்தன.

இதைத் தடுக்க எல்லன் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அமைச்சராக இல்லாத, அதுவும் எதிர்க்கட்சி எம்.பி. ஒருவரின் மசோதா சட்டமாவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். கட்சி பேதம் பார்க்காமல் ஆதரவு திரட்டி 1938-ல் நிறைவேற்றினார். ரொக்க விலையை முன்கூட்டியே எழுத்தில் சொல்ல வேண்டும். விலையில் மூன்றில் ஒரு பங்கு கட்டியாகிவிட்டால் கோர்ட் உத்தரவில்லாமல் பொருளைத் தொடக்கூடாது. பொதுவாக 100 பவுண்டு வரை விலையுள்ள பொருட்களுக்குத்தான் அது செல்லும், ஆனால் ஏழை வீட்டுச் சாமான்களுக்கு அது போதும். அந்த மூன்றில் ஒரு பங்கு விதி இன்றைக்கும் பிரிட்டிஷ் சட்டத்தில் இருக்கிறது.

இரண்டாவது, பள்ளிக்கூடம். 1945-ல் பிரதமர் அட்லி அவரைக் கல்வி அமைச்சராக்கினார். கட்டாயப் படிப்பின் வயதை 14-லிருந்து 15 ஆக்க 1944 கல்விச் சட்டமே சொல்லியிருந்தது, ஆனால் போர் முடிந்த நாட்டில் கட்டடம் இல்லை, ஆசிரியர் இல்லை, பணமும் இல்லை. தள்ளிப்போடலாம் என்று 1947 ஜனவரியில் அமைச்சரவையிலேயே பேச்சு வந்தபோது அவர் அசைந்துகொடுக்கவில்லை. தள்ளிப்போட்டால் நஷ்டம் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளுக்குத்தானே. தற்காலிக வகுப்பறைகளை மளமளவென்று எழுப்பினார்கள், ராணுவத்திலிருந்து வந்தவர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி கொடுத்து ஆசிரியர் ஆக்கினார்கள். பள்ளிகளில் இலவசப் பால் வந்ததும் அவர் காலத்தில்தான்.

ஆஸ்துமா அவரை வருடக்கணக்காக வாட்டியது. 1947 பிப்ரவரி 6 அன்று இறந்தார், வயது 55. நுரையீரல் நோயால் இதயம் நின்றுபோனது, தவறுதலாக அளவு மீறிய மருந்து அதை விரைவுபடுத்தியது என்று விசாரணை முடிவு சொன்னது. திட்டமிட்டபடி ஏப்ரல் 1 அன்று 15 வயது விதி அமலுக்கு வந்தது.

அவரை இடதுசாரிகளே குறை சொல்வதுண்டு: 11 வயதில் தேர்வு வைத்துப் பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் முறையை அவர் மாற்றவில்லை என்று. நியாயமான குறைதான், ஸ்காலர்ஷிப்பில் ஏறி வந்த அவருக்கு அந்த ஏணியில் நம்பிக்கை அதிகம் இருந்தது. ஆனாலும் அந்த ஒரு வருடப் படிப்பை 1947-ல் விட்டுக்கொடுத்திருந்தால் அது எப்போது வந்திருக்கும் என்று அவரைக் குறை சொல்பவர்கள் யோசிக்க வேண்டும். 15-ஐ 16 ஆக்க அதற்கப்புறம் 1972 வரை ஆனது.