சுத்தியல் சத்தம் கேட்காத ஆலயம்

சாலொமோன் ராஜா கட்டிய ஆலயத்தில் இன்று எருசலேமில் பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. கி.மு. 586-ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் ஆட்கள் எரித்ததோடு போயிற்று. ஜனங்கள் நெற்றியை வைத்து ஜெபிக்கிற மேற்குச் சுவர்கூடப் பல நூற்றாண்டு பிந்திய ஏரோது ராஜா காலத்து வேலைதான். அதனால், தமஸ்கு வாசலுக்குப் பக்கத்தில் மதிலுக்கு அடியில் ஒரு குகை இருக்கிறது, வாருங்கள் என்று வழிகாட்டி கூப்பிட்டபோது எங்கள் குழுவில் பாதிப்பேர் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. கால்வலி. நான் இறங்கினேன்.

சிதேக்கியா குகை என்று பேர். சாலொமோனின் கற்சுரங்கம் என்றும் சொல்வதுண்டு. 1854-ல் பார்க்ளே என்கிற அமெரிக்கர் மதிலோரம் நடந்துபோனபோது, கூட வந்த நாய் ஒரு பொந்துக்குள் விழுந்து காணாமல் போனதாம். அப்படித்தான் இந்த இடம் திரும்ப வெளிச்சத்துக்கு வந்தது. சாலொமோன் இங்கிருந்துதான் கல் எடுத்தார் என்பதற்கு அத்தாட்சி கிடையாது. ஏரோதின் ஆட்கள் எடுத்ததுதான் அதிகம் என்கிறார்கள். சரி, எந்த ராஜாவுக்கு வெட்டினாலும் கல் வெட்டுகிறவன் கை ஒன்றுதானே.

உள்ளே வெள்ளைச் சுண்ணாம்புக்கல். சுவர் முழுக்க உளி பட்ட கோடுகள். கல்லைச் சுற்றி ஒரு கை நுழைகிற அளவுக்குக் காடி வெட்டியிருக்கிறார்கள். அதில் மர ஆப்பு அடித்துத் தண்ணீர் ஊற்றினால் மரம் ஊதும், கல் விட்டுக்கொடுக்கும் என்று வழிகாட்டி விளக்கினார்.

வேதாகமத்தின் 1 இராஜாக்கள் 6-ஆம் அதிகாரம் எனக்கு அங்கேதான் புரிந்தது. கற்களை வெட்டின இடத்திலேயே பணிதீர்த்துக் கொண்டுவந்ததால், ஆலயம் எழும்பின இடத்தில் எந்த இரும்பு ஆயுதத்தின் சத்தமும் கேட்கவில்லை என்கிறது வேதம். இதை வைத்து அமைதியைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். ஆனால் சத்தம் இல்லாமல் போகவில்லையே. அது முழுக்க இந்த மாதிரி ஒரு இடத்தில், தூசியிலும் இருட்டிலும் இருந்திருக்கிறது.

அதைவிட ஆச்சரியம் அடுத்து வருகிறது. அவ்வளவு பாடுபட்டுச் செதுக்கின கல்லை உள்ளே ஒன்றுகூடத் தெரியாதபடி கேதுரு மரப் பலகையால் மூடிவிட்டார்கள். பலகையில் மொக்கும் விரிந்த பூவுமாகச் சித்திரவேலை. அதற்கும் மேலே பொன்தகடு. வாசலில் நின்ற யாகீன், போவாஸ் என்கிற இரண்டு தூண்களிலும் கண்ணுக்கு எட்டாத வேலைதான். 18 முழ உயரத் தூணின் உச்சியில், கும்பத்தைச் சுற்றி 200 வெண்கல மாதளம்பழங்கள். கீழே நிற்கிறவன் எத்தனையை எண்ணியிருப்பான்? அவற்றை வார்த்தவர் ஈராம், நப்தலி கோத்திரத்து விதவையின் மகன். அவருடைய உலைக்களமும் ஆலயத்துக்குப் பக்கத்தில் இல்லை. யோர்தான் சமபூமியின் களிமண் தரையில் இருந்தது.

ஈராமின் பேராவது எழுதியிருக்கிறது. மலையில் கல் வெட்டின 80,000 பேருக்கும் சுமை சுமந்த 70,000 பேருக்கும் பேரே இல்லை. லீபனோனுக்கு மாதம் பதினாயிரம் பேராக முறைபோட்டு அனுப்பப்பட்டவர்கள் விருப்பப்பட்டா போனார்கள்? அமஞ்சி வேலை அது, கட்டாய உழைப்பு. அந்த நுகத்தின் பாரத்தைத்தான் பிறகு ஜனங்கள் சாலொமோனின் மகன் ரெகொபெயாமிடம் முறையிட்டார்கள். ஆலயத்தின் அழகைப் பேசும்போது நாம் இதைச் சொல்லாமல் தாண்டிவிடுகிறோம்.

எங்கள் சபைக்கு நான் ஒரு பெஞ்சு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். முதுகுப் பலகையில் பெயின்ட்டால் என் பேர், ஊர், வருஷம். எழுத்து சின்னதாகிவிட்டது என்று பெயின்டரிடம் சண்டைகூடப் போட்டேன். அந்தக் குகையில் அது ஞாபகம் வந்திருக்க வேண்டாம், வந்துவிட்டது.

திரும்பும் வழியில் சுவரில் ஒரு கல். மூன்று பக்கமும் காடி வெட்டியாகிவிட்டது, பின்பக்கம் மட்டும் மலையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. எதற்கோ வேலையைப் பாதியில் விட்டுப் போயிருக்கிறான். கடைசியாக உளி விழுந்த கோட்டில் விரலை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. மேலே எங்கிருந்தோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பஸ் காத்திருக்கிறது, வாருங்கள் ஐயா என்று வழிகாட்டி இரண்டாம் தடவை கூப்பிட்டார்.