வலது காது, பன்னிரண்டாம் அத்தியாயம்

ஜூலை 2
விடிந்ததிலிருந்து ஙொய். வலது பக்கம் மட்டும். வண்டு புகுந்திருக்கும் என்று அம்மா எண்ணெய் காய்ச்சப் போனாள், தடுத்துவிட்டேன். என் நாவலின் நாயகி வடிவு இன்னும் குடைவரை வாசலிலேயே நிற்கிறாள்.

ஜூலை 4
வலது காது மங்கியதற்கு ஸ்டீராய்டு மாத்திரை. "சீக்கிரம் வந்தீங்க, அதுவரைக்கும் நல்லது" என்றார் டாக்டர். அப்புறம் கேட்கும் சோதனை. சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தணுமாம். தாளில் இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறிகள், மேலே ஒரே வரிசையில். வலதுக்குச் சிவப்பு வட்டங்கள், படியிறங்கிப் போகின்றன. இறங்க இறங்கக் கேட்பது குறைவு.

ஜூலை 7
தூக்கம் போயே போச்சு. குடுமியான்மலை இசைக் கல்வெட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாறையில் கிரந்த எழுத்து, 7ஆம் நூற்றாண்டு. ஏழு பகுதி: மத்யமக்ராமம், ஷட்ஜக்ராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்யமம், கைசிகம். நாலு நாலு சுரமாக வெட்டியிருக்கிறான். ஒவ்வொரு சுரத்துக்கும் உயிர் மாறுகிறது: ர, ரி, ரு, ரெ. சில எழுத்துக்கு மேலே புள்ளி வேறு. அந்தப் புள்ளி எதற்கென்று அறிஞர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

மகேந்திரவர்மன் வெட்டியது என்பார்கள். கல்லில் அவன் பெயர் இல்லை. ருத்ராசாரியரின் சீடன், பரம மாகேசுவரனான (பெரிய சிவபக்தனான) ஒரு ராஜா, அவ்வளவுதான். என் நாவலிலும் ராஜாவுக்குப் பெயர் கிடையாது, போகட்டும்.

பிரச்சினை பன்னிரண்டாம் அத்தியாயம். வடிவு அங்கே போய் நிற்கிறாள், உளிக்காரன் பாடிக்கொண்டே வெட்டுகிறான். அவள் காதில் என்ன விழும்? "தேவகானம்" என்று எழுதித் தப்பித்துக்கொள்ள மனசு வரவில்லை.

ஜூலை 8
ஸ்டீராய்டு வேலை, சர்க்கரை 260. என் காபியில் அம்மா கைவைத்துவிட்டாள்.

ஜூலை 11
சரித்திர நாவலில் எதற்குப் பேயும் மாயமும் என்று மச்சான் கேட்கிறார். நானா கொண்டுவந்தேன்? மதுரையில் சிவன் விறகு சுமந்து வந்து சாதாரிப் பண் பாடி, பாட்டுப் போட்டிக்கு வந்த ஏமநாதனை ஊரைவிட்டே ஓட்டவில்லையா? தருமபுரத்தில் சம்பந்தர் "மாதர் மடப்பிடியும்" பாடியபோது அது யாழில் அடங்காமல், கூட வாசித்த பாணர் யாழையே உடைக்கப் போகவில்லையா? அந்தச் சாதாரியும் பாறையில் இருக்கிற சாதாரிதமும் உறவு என்றுதான் நான் நினைக்கிறேன்.

வடிவு காலம் தாண்டுவதற்கும் மந்திரம் வேண்டாம், யாழே போதும். யாழில் வீணை மாதிரி மெட்டுக்கட்டை கிடையாது. பண் மாறினால் நரம்பெல்லாம் மறுபடி கூட்டணும். சாதாரிக்குக் கூட்டினால் அந்தக் காலத்துக்குப் போய்விடுவாள். திரும்பி வர வேறு கூட்டு. மழை நாளில் நரம்பு சுருதியில் நிற்காது. மாட்டிக்கொண்டாள்!

ஜூலை 14
காதுக்குள்ளேயே ஊசி. அரைமணி நேரம் ஒருக்களித்துப் படுக்கணும். பேசக்கூடாது, எச்சில் விழுங்கக்கூடாது. விழுங்கக்கூடாது என்றதும்தான் ஊறுகிறது. நர்ஸம்மா துணியை வாயோரம் வைத்துவிட்டுப் போனார். உள்ளே மருந்து குளுகுளுவென்று இறங்கியது. கண்ணை மூடினால் புள்ளிகள்.

ஜூலை 15
கல்வெட்டில் புள்ளி என்றால் சுரத்தை அசைப்பதா, நிறுத்துவதா?

ஜூலை 17
தம்புரா ஆப் போட்டேன். இடது காதில் ஒரு ச. வலது காதில் அதைவிடக் கொஞ்சம் ஏறின ச. ஒரே நேரத்தில் இரண்டு! வாந்தி வந்தது. குளியலறைத் தரையில் உட்கார்ந்திருக்கும்போதே பிடிபட்டது: வடிவுக்கும் இப்படித்தான். ஒரு காதில் அந்தக் காலம், ஒரு காதில் இந்தக் காலம். இரண்டும் ஒன்றாகும் வரை அவள் எங்கேயும் இல்லை. இதை முன்னாடியே எப்படி எழுதியிருப்பேன்?

ஜூலை 19
விபுலாநந்த அடிகள் மறைந்த நாள். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர் கோயிலில், பழைய யாழ்களைப் பற்றி அவர் எழுதிய யாழ்நூல் அரங்கேற்றம். அடுத்த மாதம் ஆள் இல்லை. ஆண்டுக்கணக்கில் நரம்புக்கு நரம்பு கணக்குப் போட்டவர்.
இன்று ஒரு வரிகூட எழுதவில்லை. யாரும் போனில் "தைரியமா இரு" சொல்ல வேண்டாம். எந்தப் பக்கம் வைத்துக் கேட்பதென்று எனக்கே தெரியவில்லை.

ஜூலை 22
கீழ்ச் சுருதி வட்டங்கள் கொஞ்சம் ஏறியிருக்கின்றன. மேலே அப்படியே. இன்னொரு ஊசி போட்டுப் பார்க்கலாமாம். அம்மா சமயபுரத்துக்கு நேர்ந்துகொண்டாள்.

ஜூலை 23
பன்னிரண்டு தொடங்கிவிட்டது. உளிக்காரன் பாடமாட்டான், முணுமுணுப்பான். வடிவு இடது காதைப் பொத்திக்கொள்கிறாள். புள்ளி வருகிற இடத்தில் அவன் உளியைச் சாய்த்துப் பிடிக்கிறான் என்று வைத்திருக்கிறேன். ஏன் என்று அவள் கேட்கப் போகிறாள், அவன் சொல்கிற பதிலை நாளைக்கு பஸ்ஸில் யோசிக்கணும்.