கம்பத்தடி வேகம்

வீடுகளுக்கும் கடைகளுக்கும் நெட் லைன் பார்க்கிற எங்கள் தொழிலில் "நெட் ஸ்லோ" என்று வரும் புகாரை மூட ஒரு போட்டோ போதும். டெஸ்ட் எடுத்து, எண் நன்றாக வரும்போது படம் பிடித்து மேலே அனுப்பினால் முடிந்தது. அந்த டெஸ்டை எங்கே நின்று எடுத்தாய் என்று மேலே இருந்தவர்கள் யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டது ஒரே ஒரு ஆள்தான், இ-சேவை மையம் நடத்துகிற ஒரு அக்கா.

2009-ல் ஐடிஐ முடித்த கையோடு காண்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தேன். உசிலம்பட்டிக்கும் எழுமலைக்கும் நடுவில் உள்ள ஊர்கள் என் ஏரியா. அப்போது எல்லாம் செம்புக் கம்பிதான். தரைவழி போன் வருகிற அதே ஜோடிக் கம்பியில் நெட்டும் வரும். ஏடிஎஸ்எல் என்று பெயர். ஏட்டில் பார்த்தால் நொடிக்கு 24 எம்பி வரை போகும். ஆனால் அந்த ஏடு டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்து வீட்டுக்காரருக்காக எழுதியது. செம்பில் தூரம் போகப் போக சிக்னல் தேய்ந்துகொண்டே வரும். மூன்று கிலோமீட்டர் தள்ளி எட்டு எம்பி வந்தால் அது நல்ல லைன். ஐந்து கிலோமீட்டரில் ஒன்றோ ஒன்றரையோ வந்தால் கும்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான். கம்பி காக்கை போல நேராகவும் போகாது. கண்மாய்க் கரையைச் சுற்றி, ரோட்டோரமாகவே வரும். பைக்கில் மூன்று கிலோமீட்டர் இருக்கிற ஊருக்குக் கேபிள் நாலரை கிலோமீட்டர் ஓடியிருக்கும்.

ஊரில் யாரிடமும் இந்தக் கணக்கைச் சொல்ல முடியாது. ஒருமுறை ஒரு பெரியவரிடம் "உங்களுக்கு ஒரு எம்பிபிஎஸ்தான் வருதுங்கய்யா" என்று சொன்னேன். "எம்பிபிஎஸ்ஸா? நம்ம ஊர்ல ஒரு கம்பவுண்டர் கூட இல்லையேப்பா" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

அந்தக் காலத்தில் எங்களுக்குப் பெரிய தைரியமே அரசாங்கத்தின் வரையறைதான். 2004-ல் வந்த கொள்கைப்படி 256 கேபிபிஎஸ், அதாவது ஒரு எம்பியில் கால்வாசி, வந்தாலே அது பிராட்பேண்ட். 2013-ல் அதை 512 ஆக்கினார்கள். 2 எம்பியாக உயர்ந்தது 2023-ல்தான். ஆக, என் லைன்கள் எவ்வளவு ஊர்ந்தாலும் சட்டப்படி அவை பிராட்பேண்ட்தான். "இது பிராட்பேண்டே இல்ல" என்று வாடிக்கையாளர் கத்தும்போது, மனசுக்குள் "ஆமாங்க, ஆனா ஆமா இல்லைங்க" என்று சொல்லிக்கொள்வேன்.

அக்காவின் கடை என் ஏரியாவின் கடைக்கோடியில் இருந்தது. கீழே கடை, மாடியில் வீடு. வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா நகல் என்று சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் எல்லாம் அங்கேதான் வருவார்கள். மாதம் இரண்டு முறையாவது அவரிடமிருந்து புகார் வரும். நான் போவேன். கம்பத்தில் இருக்கிற டிபி பெட்டியை, அதாவது வீடுகளுக்கு வயர் பிரிகிற பெட்டியை, திறப்பேன். அவர் கடைக்குப் போகிற வயரைக் கழற்றிவிட்டு என் டெஸ்டரை மாட்டுவேன். கீழே வருவது ஒன்றரை, மேலே போவது அரை. அந்தத் தூரத்துக்கு அது தங்கம். போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுக் கிளம்புவேன்.

"தம்பி, உன் மிசின்ல ஓடுது. என் சேர்ல வந்து உக்காந்து பாரு, ஓடுதான்னு" என்று சொல்வார். "லைன் சரியா இருக்குக்கா, சிஸ்டத்தைச் சர்வீஸ் பண்ணுங்க" என்பேன். ஒரு நாளைக்கு இத்தனை புகார் மூட வேண்டும் என்று கணக்கு இருந்தது. கடைக்குள் போய் உட்கார்ந்தால் கணக்கு உதைக்கும். வீட்டுக்குள் இருக்கிற வயரிங் எங்கள் பொறுப்பு இல்லை என்பது எங்களுக்கெல்லாம் மனப்பாடமான வேதம்.

2018 மே மாதம். பிளஸ் டூ ரிசல்ட் வந்திருந்த நேரம். வழக்கம்போலக் கம்பத்தில் டெஸ்டரை மாட்டிக்கொண்டிருந்தபோது கோடை மழை பிடித்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் கடைக்குள் ஒதுங்கினேன். இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று.

ஒரு அப்பாவும் மகனும் முதல் பட்டதாரிச் சான்றுக்கு விண்ணப்பிக்க வந்திருந்தார்கள். அந்தச் சான்று இருந்தால் என்ஜினீயரிங் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். ரேஷன் கார்டு, டிசி, போட்டோ என்று ஒவ்வொன்றாக ஸ்கேன் பண்ணி ஏற்ற வேண்டும். எல்லாம் சேர்த்தால் ஒரு எம்பி கூட வராது. ஓடிபி வர வேண்டும் என்றால் பையன் கையில் செல்போனோடு குடையைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓட வேண்டும், கடைக்குள் டவர் எடுக்காது. மூன்றாவது கோப்பு ஏறிக்கொண்டிருந்தபோது மாடியில் போன் அடித்தது. மோடத்தில் பச்சை விளக்கு கண் சிமிட்டி அணைந்தது. நெட் திரும்ப வந்தபோது வெப்சைட் எங்களை வெளியே தள்ளியிருந்தது. மறுபடி முதலிலிருந்து. மறுபடி மாடிக்கு ஓட்டம். அந்த அப்பா ஒன்றும் பேசவில்லை. வாசலில் நின்று, மழையையும் பஸ் வருகிற பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடி போன்.

"எங்க நாத்தனா. மதுரையில இருந்து அத்தைக்குப் பேசும். பேச ஆரம்பிச்சா நான் கடையைச் சாத்திர வேண்டியதுதான். இதத்தான் தம்பி நான் முதல் நாள்ல இருந்து சொல்றேன்" என்றார் அக்கா.

சொல்லியிருந்தார்தான். மாடியில் போன் அடித்தால் கீழே நெட் போகிறது என்று என்னிடம் குறைந்தது நாலு முறை சொல்லியிருப்பார். நான் தலையாட்டிக்கொண்டே டெஸ்டரைப் பைக்குள் வைத்திருக்கிறேன்.

அந்தத் தொழிலில் ஒன்பது வருடம் இருந்தவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஒரே கம்பியில் பேச்சு கீழ் அலைவரிசையிலும் நெட் அதற்கு மேலும் போகும். இரண்டையும் பிரிக்க ஸ்ப்ளிட்டர் என்று ஒரு சின்ன டப்பா உண்டு. யாரோ ஒரு புண்ணியவான் அந்த டப்பாவுக்கு முன்னாலேயே வயரை ஒட்டுப்போட்டு மாடிக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் இழுத்திருந்தார். அந்த போனின் இரைச்சல் நேராக நெட்டில் கலந்தது. பேச்சு அலைக்கு மிக அருகில் இருப்பது கோப்பு மேலே ஏறுகிற பாதைதான். அதனால் முதல் அடி அப்லோடுக்கு. பார்க்கிறவருக்கு வீடியோ ஓரளவு ஓடும், அனுப்புகிறவருக்கு ஒன்றும் நகராது. கம்பத்தில் நான் அவர் வயரைக் கழற்றிவிட்டு டெஸ்ட் எடுத்ததால், அந்த மாடி போன் என் டெஸ்டில் இல்லவே இல்லை. நோயாளியை வெளியே நிறுத்திவிட்டு நாற்காலிக்கு நாடி பார்த்திருக்கிறேன்.

பையில் கிடந்த ஸ்ப்ளிட்டரை மாட்டி, எக்ஸ்டென்ஷனை அதற்குப் பின்னால் மாற்றினேன். இருபது நிமிட வேலை. அக்காவின் நாற்காலியிலேயே உட்கார்ந்து டெஸ்ட் போட்டேன். அதுவரை 90 கேபிபிஎஸ் ஏறிக்கொண்டிருந்தது 400-ஐத் தொட்டது. பெரிய வேகம் ஒன்றும் இல்லை. ஆனால் விண்ணப்பம் ஏறிவிட்டது. அப்பாவும் மகனும் கடைசிக்கு முந்தின பஸ்ஸைப் பிடித்தார்கள். அக்கா டீ கொடுத்தார். ஏனோ அதை முழுதாகக் குடிக்க முடியவில்லை.

அன்றைக்கு நான் மூடியது ஒரே புகார். மறுநாள் சூப்பர்வைசர் கேட்டதை இங்கே எழுத முடியாது.

அப்புறம் கண்ணாடி இழை வந்தது. ஊராட்சிகள் வரை ஃபைபர் கொண்டுபோகும் திட்டத்துக்கு மத்திய அரசு 2011-லேயே ஒப்புதல் கொடுத்திருந்தது. பிறகு அதற்கு பாரத்நெட் என்று பெயர் வந்தது. தமிழ்நாட்டில் மட்டும் 12,525 ஊராட்சிகள். அந்தக் கணக்கு ஊராட்சி அலுவலகத்தோடு நிற்கும், அங்கிருந்து வீட்டு அடுப்படி வரை இழுப்பது வேறு கதை. அந்த வேறு கதையில்தான் இப்போது நான் இருக்கிறேன். 2021 முதல் ஒரு கம்பெனியின் கூட்டாளியாக நானே கனெக்‌ஷன் கொடுக்கிறேன். 140 வீடுகள்.

ஃபைபருக்குத் தூரம் ஒரு பொருட்டே இல்லை. இருபது கிலோமீட்டர் கூட அலட்டாமல் போகும். வைக்கோல் ஏற்றிய டிராக்டர் அறுத்துவிட்டுப் போனால் சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான். செம்பு மாதிரி இழுத்துக்கொண்டு கிடக்காது. இனி ஸ்லோ என்ற வார்த்தையே காதில் விழாது என்று நினைத்தேன்.

ராத்திரி எட்டு மணிக்கு மேல் அதே வார்த்தை. பெரும்பாலும் 50 எம்பி பிளான்தான் விற்றிருக்கிறேன். 140 வீட்டுக்கும் கூட்டினால் 7,000. எனக்கு மேலிருந்து வருவது எல்லோருக்கும் சேர்த்து 500. எல்லோரும் ஒரே நேரத்தில் இழுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்தத் தொழிலே ஓடுகிறது, பஸ் பாஸ் மாதிரி. ஐபிஎல் நாளில் அந்த நம்பிக்கை படுத்துவிடும். பகல் பதினோரு மணிக்குப் போய் டெஸ்ட் எடுத்தால் 50 காட்டும். அதைப் படம் பிடித்து அனுப்பவும் செய்தேன், பொய் சொல்வானேன். நாலைந்து முறை அனுப்பிய பிறகுதான் இதுவும் அதே கம்பத்தடி வேலைதான் என்று உறைத்தது. அதன்பிறகு ராத்திரி ஒன்பதுக்கு, புகார் கொடுத்தவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து டெஸ்ட் எடுக்கிறேன். பாதி வீடுகளில் ரவுட்டர் இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது, அது என் தப்பு இல்லை. மீதிக்கு 500-ஐ 800 ஆக்கினேன். அந்த மாதம் கையில் மிஞ்சியது குறைவு.

போன மாதம் ஒரு பையனை வேலைக்குச் சேர்த்தேன். கெட்டிக்காரன். நேற்று சாயங்காலம் ஒரு புகாருக்கு அனுப்பினேன். பத்தே நிமிடத்தில் போட்டோ வந்தது. பளிச்சென்று 49 எம்பி. படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தேன். போனுக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் கம்பம், அதில் கட்டிய ஒரு வெள்ளாடு.

கூப்பிட்டேன். "முடிஞ்சதுண்ணே" என்றான்.

"வீட்டுக்குள்ள யாரு இருக்கா?"

"ஒரு அப்பத்தா இருக்காகண்ணே."

"உள்ள போய் உக்காரு. அவுக என்ன சொல்றாகன்னு கேட்டுட்டு அப்புறம் கூப்பிடு."