டெசர்ட் பூட்ஸ் போடுவதற்கு முன் பேண்ட் பாட்டத்தைப் பாருங்கள்

டெசர்ட் பூட்ஸ் வாங்கியவர்கள் முதலில் கேட்பது நிறத்தைப் பற்றித்தான். மணல் நிறத்துக்கு எந்தப் பேண்ட், அடர் பழுப்புக்கு எந்தச் சட்டை என்று ஆரம்பித்துவிடுவார்கள். நிறமெல்லாம் ரெண்டாம்பட்சம் என்பது என் கட்சி. இந்த பூட்ஸ் எடுப்பாக இருப்பதும் சொதப்புவதும் பேண்ட் பாட்டம் எங்கே வந்து நிற்கிறது என்பதில்தான் இருக்கிறது.

காரணம் அதன் அமைப்பு. கணுக்கால் உயரம், இரண்டே ஜோடி லேஸ் ஓட்டை, முன்பக்கம் எந்த வேலைப்பாடும் இல்லாத மெல்லிய ஸ்வேட் தோல் (பளபளப்பில்லாமல் பஞ்சு போலப் பூத்திருக்கும் தோல்), அடியில் தடிமனான க்ரேப் ரப்பர் சோல். உள்ளே லைனிங் இல்லாததால் தோல் காலோடு சேர்ந்து நெகிழும், ஆனால் மேல்விளிம்பு மட்டும் காலை ஒட்டிப் பிடிக்காமல் கொஞ்சம் விலகியே நிற்கும். இதோடு ஒட்டிப்பிடிக்கிற ஸ்கின்னி ஜீன்ஸைப் போட்டால் உரலுக்குள் உலக்கை நிற்பது போல இருக்கும், துணியும் பூட்ஸின் வாயில் சிக்கிச் சுருண்டுகொண்டு அப்படியே நிற்கும். அதற்காக ரொம்ப அகலமான பாட்டம் வைத்தாலும் லேஸ் வரைக்கும் மூடிப்போய், வெளியே உருண்டையான முனை மட்டும் தெரியும். அப்புறம் பூட்ஸ் போட்டதற்கே அர்த்தமில்லை.

என் கணக்கில் பாட்டத்தின் சுற்றளவு 14 முதல் 16 அங்குலத்துக்குள் இருந்தால் சரியாக வரும். தொடை கனமாக இருப்பவர்கள் 16 பக்கமே போகலாம். நீளம், நேராக நிற்கும்போது பூட்ஸின் மேல்விளிம்பை லேசாகத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும், முன்னால் ஒரு சின்ன மடிப்பு விழுந்தால் பரவாயில்லை, இரண்டு மடிப்பு விழுந்தால் தையற்காரரிடம் கொடுத்துக் குறைத்துவிடுங்கள். அளவு கொடுக்கும்போது அந்த பூட்ஸையே போட்டுக்கொண்டு போங்கள், செருப்போடு போய் அளவு கொடுத்துவிட்டு அப்புறம் புலம்பக் கூடாது. ஜீன்ஸாக இருந்தால் பாட்டத்தை வெளிப்பக்கமாக ஒரு மடிப்பு மடித்துவிடலாம், மடிப்பின் அகலம் ஒன்றரை அங்குலத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இந்த பூட்ஸ் எவ்வளவு தூரம் ஃபார்மல் பக்கம் போகும் என்பதற்கு அதன் பிறப்பிலேயே பதில் இருக்கிறது. 1941-ல் பிரிட்டிஷ் ராணுவத்தில் பர்மாவில் இருந்த, கிளார்க்ஸ் காலணி நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்த நேதன் கிளார்க், சக அதிகாரிகள் ஓய்வு நேரத்தில் போட்டுத் திரிந்த க்ரேப் சோல் ஸ்வேட் பூட்ஸைக் கவனித்தார். அவை கெய்ரோ கடைவீதியில் தைக்கப்பட்டவை. அந்த மாதிரியை வைத்து அவர் உருவாக்கியதுதான் கிளார்க்ஸ் டெசர்ட் பூட். 1949-ல் சிகாகோ காலணிக் கண்காட்சியில் காட்டினார்கள், 1950-ல் விற்பனைக்கு வந்தது. ஆக, இது அணிவகுப்புக்கான பூட்ஸ் இல்லை, யூனிஃபார்மைக் கழற்றிவிட்டு உலாத்தப் போகும்போது போட்டது. சட்டை கசங்காமல் இருக்கும், ஆனால் டை கிடையாது என்ற அந்த இடைப்பட்ட நிலையில்தான் இன்றும் இது நன்றாக நிற்கிறது.

அதனால் மேலே பிளேசர் போடலாம், தாராளமாக. தோளில் பேட் இல்லாத, உள்லைனிங் குறைவான, சொரசொரப்பான காட்டன் அல்லது கம்பளித் துணியில் தைத்ததாக இருக்கட்டும். மின்னுகிற துணியில் தைத்த முழு சூட்டுக்குக் கீழே ஸ்வேட் ஒட்டவே ஒட்டாது. மேலே பளபளப்பு, கீழே மங்கல் என்று இரண்டும் தனித்தனியாகப் பேசும். டெசர்ட் பூட்ஸை சூட்டோடும் போடலாம் என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள், தளர்வான காட்டன் சூட் என்றால் ஒப்புக்கொள்வேன், அதற்கு மேல் முடியாது. அந்த இடத்தில் லெதர் சோல் வைத்த சக்கா பூட்ஸ் போடுங்கள், வடிவம் கிட்டத்தட்ட அதேதான், தோற்றத்தில் ஒரு படி மேலே.

சரி, நிறத்துக்கு வருவோம். ஒரே ஜோடிதான் வாங்கப் போகிறீர்கள் என்றால் அடர் பழுப்பு ஸ்வேட். நேவி சினோஸ் (காட்டன் பேண்ட்), சாம்பல் நிற கம்பளி பேண்ட், வெளுக்காத அடர் நீல ஜீன்ஸ் என்று எதோடும் போகும். மணல் நிறம்தான் பார்க்க அழகு, ஆனால் அதற்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்: காக்கி சினோஸோடு போட்டால் பேண்ட் எங்கே முடிகிறது, பூட்ஸ் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாமல் காலெல்லாம் ஒரே நிறமாகிவிடும். நேவி, ஆலிவ், அடர் சாம்பல் போன்றவற்றுக்குக் கீழேதான் அது எடுபடும். கறுப்பு ஸ்வேட் எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

பெல்ட்டை பூட்ஸின் நிறத்துக்கு அச்சு அசலாகப் பொருத்த வேண்டும் என்று அலையாதீர்கள். பழுப்புக்குப் பழுப்பு, ஒரு படி முன்னே பின்னே இருந்தால் யாரும் கவனிக்கப் போவதில்லை. சாக்ஸை பேண்ட்டின் நிறத்தோடு சேர்த்துப் போடுங்கள், கால்மேல் கால் போட்டு உட்காரும்போது பூட்ஸுக்கு மேலே வெள்ளை ஸ்போர்ட்ஸ் சாக்ஸ் எட்டிப் பார்த்தால் மேலே செய்த வேலையெல்லாம் வீண்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஸ்வேட்டுக்கு ஒரு பிரஷ், புதிதாக இருக்கும்போதே நீர் ஒட்டாத ஸ்ப்ரே. மழையில் நனைந்தால் உள்ளே காகிதத்தைத் திணித்து நிழலில் காயவிடுங்கள், ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் தோல் விறைத்துப்போகும். க்ரேப் சோல் மட்டும் வெளுப்பாகவே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், இயற்கை ரப்பர் என்பதால் தூசியை இழுத்து ஒட்டிக்கொண்டு ஓரமெல்லாம் சீக்கிரம் கறுத்துவிடும். எனக்கு அந்த அழுக்குதான் பிடிக்கும், அதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஈரமான வழவழப்புத் தரையில் மட்டும் இந்த சோலை நம்பாதீர்கள், வழுக்கும். மழை நாளுக்கு வேறு காலணி வைத்துக்கொள்ளுங்கள்.